சுனில்டாவுக்கு வலிக்காமல் போன கல்

எங்கள் பக்கத்து வீடுகளில் கண்ணாடி அலமாரியைத் திறந்தால், கல்யாணத்துக்கு வந்த கோப்பைகளுக்கு நடுவே ஒரு சின்னப் பாட்டில் நிற்கும். உள்ளே இருப்பவை பித்தப்பைக் கற்கள். ஆப்பரேஷன் முடிந்ததும் கழுவிக் கையில் கொடுத்துவிடுவார்கள். யார் வீட்டுக்கு யார் போனாலும் பேச்சு சுற்றி வளைத்து அந்தப் பாட்டிலில் வந்து நிற்கும். என்னுடையவை பயறு அளவில் பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். எங்கள் மபூச்சே இனத்தில் நாற்பதைத் தாண்டிய பெண்ணின் வீட்டில் பாட்டில் இல்லையென்றால், "உனக்கு எப்போ?" என்றுதான் கேட்பார்கள்.

என் தம்பி ரொசாமெலின் மனைவி சுனில்டாவின் அலமாரியில் பாட்டில் இல்லை. கல் மட்டும் இருந்தது, வயிற்றுக்குள்.

சுனில்டாவை உங்களுக்குச் சொல்ல வேண்டுமென்றால் அவள் குரலில் இருந்து தொடங்க வேண்டும். ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஊர்ச் சந்தையில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், வேகவைத்த கோதுமையும் எண்ணெயில் பொரித்த பூசணி ரொட்டியும் விற்றாள். மழை தகரக் கூரையில் கொட்டுகிற சத்தத்தையும் மீறி அவள் கூவுவது கேட்கும். வாங்காமல் போகிறவனை ஊர் பேரைச் சொல்லிக் கிண்டல் செய்து திரும்ப வரவைப்பாள். குண்டான கை, சிவந்த கன்னம், எப்போதும் ஈரமான கம்பளிச் சால்வை. சந்தையில் யாருக்கும் பயப்படாதவள். அப்படிப்பட்டவள் கத்திக்குப் பயந்து செத்தாள் என்று சொல்லும் நிலைக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது எங்கள் குடும்பம். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

அந்தப் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவளுடைய அம்மா பிலோமேனாவுக்கும் கல்தான். வலியோடு வருஷக்கணக்கில் இருந்துவிட்டு, உடம்பு மஞ்சளான பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனார். திறந்து பார்த்தார்கள், பித்தப்பை முழுக்கப் புற்று, அப்படியே மூடி அனுப்பிவிட்டார்கள். அடுத்த அறுவடையை அவர் பார்க்கவில்லை. திறந்தபோது காற்று உள்ளே போனதால்தான் புற்று பரவியது என்று இடுகாட்டில் பேசிக்கொண்டார்கள். சுனில்டா அப்போது கல்யாணமாகாத பெண். அந்தப் பேச்சை அவள் மனதிலிருந்து பிடுங்க என்னால் முடியவே இல்லை.

"எனக்குந்தான் திறந்தாங்க. எந்தக் காத்தும் நுழையல. நல்லாத்தானே குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்?" என்று நான் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டுவேன்.

"உங்க வயித்துக்குள்ள நுழைய காத்துக்கே பயம் மதினி" என்பாள்.

சர்க்கரை வந்தபோது அவள் கவலைப்படவே இல்லை. மாத்திரை கொடுத்தார்கள், விரலில் குத்திப் பார்க்கும் மீட்டரும் கொடுத்தார்கள். "இதுக்குக் கத்தி வேண்டாம்ல" என்று சிரித்தாள். சர்க்கரை ஒரு கதை, கல் இன்னொரு கதை என்று இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் வைத்திருந்தோம். காலை மாத்தேயில் அவள் போடும் சர்க்கரையைப் பார்த்தால் எனக்குப் பல் கூசும். மாத்தே என்பது எங்களுக்குச் சாப்பாட்டை விடப் பெரிசு. சின்னச் சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு வெந்நீர் ஊற்றி, ஒரே குழாயால் ஒருவர் மாற்றி ஒருவர் உறிஞ்சுவோம். குடுக்கையைத் திருப்பிக் கொடுக்கும்போது 'நன்றி' என்று சொல்லிவிட்டால் எனக்குப் போதும் என்று அர்த்தம். சுனில்டா வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. கெட்டில் காலியானாலும் அடுத்ததை வை என்பாள்.

ஒரு நாள் விறகு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஏதோ கருகும் வாடை வந்தது. ரொட்டி தீய்கிறது என்று நினைத்துப் பார்த்தால், அவள் செருப்புக்குள் ஒரு கங்கு விழுந்து, காலுறை புகைந்துகொண்டிருந்தது. தட்டிவிட்டேன். பாதத்தில் கொப்புளம் கிளம்பியிருந்தது.

"வலிக்கலியாடி?"

"சந்தையில நின்னு நின்னு கால் மரத்துப் போச்சு மதினி. மாட்டுக்குளம்பு மாதிரி ஆயிடுச்சு."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். 

கல் வலி மட்டும் அவளை விடவில்லை. எண்ணெயில் பொரித்த ரொட்டியில் ஒரு துண்டு தின்றாலும், விலா எலும்புக்கு அடியில் பிடித்து முதுகுவரை இழுக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஸ்கேன் எடுத்ததில் பை நிறையக் கல் என்றார்கள். நான் தலைகீழாய் நின்று, திட்டி, அழுது, கடைசியில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்க வைத்தேன். குளிர்காலத்தின் நடுவில் தேதி கிடைத்தது. தேதி நெருங்க நெருங்க அவள் முகம் சுருங்கியது. சந்தையில் கூவுவதையே நிறுத்திவிட்டாள்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. வலி குறைய ஆரம்பித்தது. முதலில் மந்தமாக ஏதோ அழுத்துகிறது என்றாள். அப்புறம் அதுவும் இல்லை என்றாள். கல் கரைந்துவிட்டது என்று அவளே முடிவு கட்டினாள். நான் நம்பவில்லை. அப்போதுதான் எங்கள் வீட்டில் பன்றி அறுக்கும் நாள் வந்தது.

எங்கள் ஊரில் கல் இருக்கிறதா இல்லையா என்பதை ஸ்கேன் சொல்வதில்லை, பன்றி சொல்லும். குளிர்காலத்தில் பன்றி அறுத்தால் அக்கம்பக்கம் எல்லோரும் கூடுவார்கள். பெரிய இரும்புச் சட்டியில் கொழுப்பைத் துண்டு துண்டாகப் பொரித்து, புகைபோட்ட மிளகாய்ப்பொடி தூவிச் சுடச்சுடத் தின்பார்கள். கல் இருக்கிறவள் அதைத் தின்றால் ராத்திரிக்குள் தரையில் உருளுவாள். தின்றும் ஒன்றும் ஆகாவிட்டால் அவளுக்குக் கல் இல்லை. அப்படித்தான் எங்கள் ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தீர்ப்பு.

சட்டி கொதிக்கும்போது சுனில்டா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மதினி, ஒரு பந்தயம். நான் இதைத் திங்கறேன். வலிச்சா, ஒரு வார்த்தை பேசாம ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன். வலிக்கலைன்னா, இனிமே அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"பைத்தியமாடி உனக்கு? சாகவா பாக்கற?"

"தின்னாலும் சாவு, ஆப்பரேஷனுக்குப் போகலைன்னாலும் சாவுன்னு என்னைப் போட்டு வதைக்கறீங்களே. சரியா, இல்லையா?"

எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரொசாமெல் கத்தியைத் துடைத்தபடி, "விடுக்கா, தின்னு பாக்கட்டும்" என்றான். சரி என்றேன். வலி வரும், வந்தால் போய்விடுவாள், நல்லதுதான் என்று கணக்குப் போட்டேன்.

அவள் ஒரு தட்டு நிறைய வாங்கினாள். ரொட்டியில் கொழுப்பைத் துடைத்துத் துடைத்துத் தின்றாள்.  எல்லோரும் அவள் கையையும் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவள் முகத்தில் ஒரு சுளிப்பு வருமா என்று பார்த்தேன். வா, வலியே வா என்று மனதுக்குள் வேண்டினேன். ஒருத்திக்கு வலி வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது எவ்வளவு அசிங்கம் பாருங்கள். வலி வரவில்லை. சாயங்காலம் ஆனது, எல்லோரும் பங்கு இறைச்சியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள், சுனில்டா பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடினாள்.

"பாத்தீங்களா மதினி? போயிடுச்சு."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, எனக்குச் சரியாகிவிட்டது, தேதியை வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். சொன்ன வாக்குக்காக வாயைக் கட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க மழை. ஆறு மண்ணிறமாக வீங்கி ஓடியது. ஒரு காலை நான் சுனில்டா வீட்டுக்குப் போனேன். சந்தைக்குப் போகவில்லை, கொஞ்சம் களைப்பு என்றாள். அடுப்புக்குப் பக்கத்தில் சால்வையைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில் வேர்வை. மாத்தே போட்டு முதல் குடுக்கையை அவளிடம் நீட்டினேன். ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"நன்றி மதினி."

என் கை அந்தரத்தில் நின்றது. அந்த வீட்டுக்குள் அவள் மருமகளாய் வந்த நாளிலிருந்து கேட்காத வார்த்தை. 

"எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கல. சத்தியமா. சும்மா குமட்டுது."

"காலைல என்ன சாப்பிட்ட?"

"நேத்திலிருந்தே ஒண்ணும் இறங்கல."

மீட்டரை எடுத்து அவள் விரலில் குத்தினேன். ஒன்றும் தின்னாதவளுக்குச் சர்க்கரை தரையில் கிடக்க வேண்டும். மீட்டரில் எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் என்பதற்காக அது காட்டும் இரண்டு எழுத்துதான் வந்தது. வேறு விரலில் குத்தினேன். அதே இரண்டு எழுத்து. தின்னாமல் எங்கிருந்து வருகிறது இந்தச் சர்க்கரை? எனக்குப் புரியவில்லை. புரியாததுதான் என்னைக் கிளப்பியது.

"எந்திரி, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"வாக்குக் கொடுத்தீங்க மதினி."

"வாக்கை அடுப்பில போடு. ரொசாமெல், வண்டியை எடுடா."

"வலிக்கலைங்கறாளே அக்கா" என்று என் தம்பி இழுத்தான். "பன்றி தின்னப்பவே வலிக்கலியே."

"உன் பொண்டாட்டி மாத்தே வேண்டாம்னு சொல்லிட்டாடா."

 அவன் சாவியைத் தேடிக்கொண்டு போனான்.

ஆற்றைக் கடக்க வண்டிகளை ஏற்றும் தெப்பம் ஒன்றுதான் எங்களுக்கு வழி. கரைக்குப் போனால், வெள்ளத்தில் மரங்கள் வருகின்றன, தண்ணீர் கொஞ்சம் அடங்கட்டும் என்று தெப்பக்காரன் கயிற்றைக் கட்டிவைத்துவிட்டான். வண்டிக்குள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். கண்ணாடியில் மழை வழிந்தது. சுனில்டாவின் மூச்சு சின்னச் சின்னதாக வந்தது. அவள் கையைப் பிடித்தேன், நெருப்பாய்ச் சுட்டது. கொஞ்ச நேரத்தில் அதே கை ஈரத்துணி போல ஜில்லென்று ஆனது. அவள் என்னை அம்மா என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. ரொசாமெல் இறங்கிப் போய்த் தெப்பக்காரனின் சட்டையைப் பிடித்தான். என்ன பேசினானோ தெரியாது, கயிறு அவிழ்ந்தது. நடு ஆற்றில் ஒரு மரம் பக்கவாட்டில் வந்து மோதித் தெப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது. எனக்கு ஆற்றைப் பற்றிப் பயமே வரவில்லை. அவளுக்கு வலிக்கவில்லையே என்பது ஒன்றுதான் அப்போது என் பயம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பெண் வந்தாள். தலைநகரத்துப் பேச்சு, ஒல்லியான உடம்பு. இவளுக்கு என்ன தெரியும் என்று எரிச்சலோடுதான் பார்த்தேன். அவள் சுனில்டாவின் விலாவுக்கு அடியில் அழுத்தினாள்.

"வலிக்குதாம்மா?"

"லேசா."

டாக்டர் அந்தப் பதிலில் நிம்மதி அடையவில்லை.  சட்டென்று போய்ப் போர்வையை விலக்கிக் கால்களைப் பார்த்தாள். காய்ந்து கறுத்திருந்த அந்தக் கொப்புளத் தழும்பைத் தொட்டாள்.

"இது எப்படி?"

"கங்கு விழுந்துச்சு. அவளுக்குத் தெரியவே இல்ல" என்றேன் நான்.

"சர்க்கரை எத்தனை வருஷமா?"

சொன்னேன். அவள் என்னைத் தள்ளி அழைத்துப் போனாள்.

"காலுக்குத் தெரியலைன்னா வயித்துக்கும் தெரியாதும்மா. ரொம்ப நாள் சர்க்கரை நரம்பை மழுங்க வச்சிடும். பித்தப்பையையும் சோம்பலாக்கும், பித்தம் தேங்கும், கல்லு சேரும். உங்க குடும்பங்கள்ல ரெண்டும் சேர்ந்தேதான் வருது. இவங்களுக்குக் கல்லு கரையல. பை அழுக ஆரம்பிச்சிருக்கு. வலி சொல்ல வேண்டிய நரம்பு சொல்லல, அவ்வளவுதான். உள்ள சீழ் பிடிச்சதாலதான் சாப்பிடாமலே சர்க்கரை ஏறியிருக்கு."

"பன்றி தின்னா வலிக்கல டாக்டர். நாங்க பாத்தோம்" என்று முட்டாள் மாதிரி சொன்னேன்.

"வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

நான் மனதுக்குள் வேண்டியதையே அவள் வாயால் கேட்டேன். 

உடனே ஆப்பரேஷன் என்றார்கள். தள்ளுவண்டியில் சுனில்டா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமே இல்லை.

"மதினி, ஜன்னலைச் சாத்தச் சொல்லுங்க. காத்து உள்ள போயிடும்."

ஆப்பரேஷன் அறையில் ஜன்னலே இல்லை என்று நர்ஸ் சொல்ல வாயெடுத்தாள். நான் முறைத்தேன்.

"நானே சாத்திட்டு வரேன்" என்றேன். நடைவழியின் கோடிவரை போய்த் திறந்திருந்த ஜன்னல்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் சாத்தினேன். ஒன்று துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது. தோளால் முட்டி மூடினேன். திரும்பியபோது வண்டி உள்ளே போய்விட்டிருந்தது. அவளுக்குப் பொய்யாகச் சொன்னதை நான் நிஜமாகவே செய்து முடித்திருந்தேன். செத்துப்போனால் காற்றால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டு போக வேண்டாம் என்று இருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. ரொசாமெல் தொப்பியைப் பிழிந்து பிழிந்து தரையில் குட்டை கட்டிவிட்டான். டாக்டர் வந்தபோது அவள் கண்ணைத்தான் முதலில் பார்த்தேன்.

பை கறுத்து வெடித்திருந்ததாம். வயிறு முழுக்கக் கழுவினார்களாம். உயிர் இருக்கிறது, நாளைக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றாள். அப்படியே பல நாள் போனது. இயந்திரம்தான் அவளுக்காக மூச்சு விட்டது. ஒவ்வொரு காலையும் சுனில்டாவின் சர்க்கரை அளவைக் கேட்பேன், அது இறங்கியபோதுதான் சீழ் அடங்குகிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு பரிசோதனை முடிவுக்கான காத்திருப்பு. அம்மாவின் புற்று இவளுக்கும் இருக்கிறதா என்று பார்க்கப் பையை மொத்தமாக அனுப்பியிருந்தார்கள். அந்த வாரங்களில் நான் மெலிந்து பாவாடையை ஊசி குத்திக் கட்டினேன். புற்று இல்லை என்று வந்தது. ரொசாமெல் நடைவழியிலேயே உட்கார்ந்து அழுதான்.

சுனில்டா கண் திறந்து பேசிய முதல் நாளே பாட்டில் எங்கே என்று கேட்டாள். கற்களும் பரிசோதனைக்குப் போய்விட்டன, ஒன்றும் தர முடியாது என்றார்கள்.

"இவ்வளவு பாடுபட்டும் அலமாரியில வைக்க ஒண்ணும் இல்லையா?" என்றாள் கம்மிய குரலில். சந்தைக் குரல் திரும்பி வரும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்னைப் பார்த்து, "உங்களுக்கு எப்போ கல்லு எடுத்தாங்க?" என்றாள். சொன்னேன். "சர்க்கரை பாத்திருக்கீங்களா?" என்றாள்.

"எனக்கெதுக்கு? கல்லை எடுத்துப் பாட்டில்ல போட்டாச்சே."

அவள் என் விரலைப் பிடித்துக் குத்தினாள். வந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு விரலில் குத்தினாள். பாட்டிலைக் காட்டிக் காட்டிப் பெருமை பேசியவளுக்கு உள்ளே சர்க்கரை எத்தனை வருஷமாக உட்கார்ந்திருந்ததோ, யாருக்குத் தெரியும்.

இப்போது சுனில்டா மறுபடி சந்தைக்குப் போகிறாள். எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டாள், வேகவைத்த கோதுமை மட்டும்தான். போகும் வழியில் தினமும் என் வீட்டில் மாத்தே. சர்க்கரை இல்லாத மாத்தே, வேப்பங்காய்தான், ஆனாலும் இரண்டு பேரும் நன்றி சொல்வதில்லை.

நேற்றுக் காலையும் வந்தாள். குடுக்கையை என்னிடம் கொடுத்துவிட்டு, "எங்கயாச்சும் வலிக்குதா மதினி?" என்று கேட்டாள்.

"இல்லடி."

முன்பெல்லாம் அந்தப் பதிலுக்கு நல்லது என்பாள். இப்போது சொல்வதில்லை. எதிரில் உட்கார்ந்து என் காலைத் தூக்கி மடியில் வைத்துக் காலுறையைக் கழற்றினாள். காலில் உணர்ச்சி இருக்கிறதா என்று ஆஸ்பத்திரியில் அவளுக்குச் செய்த சோதனையை எனக்குச் செய்து பார்ப்பது அவள் வழக்கம்.

"கண்ணை மூடிக்கங்க. நான் எங்க தொடறேன்னு சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். அடுப்பில் விறகு வெடித்தது. கெட்டில் முனகியது. காத்துக்கொண்டே இருந்தேன்.

"தொடுடி, சொல்றேன்" என்றேன்.

 கண்ணைத் திறந்து பார்த்தேன். சுனில்டா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் என் பாதத்தின் மேல்தான் இருந்தது.